நாங்கள் சொல்ல மறந்த அளவு



கொஞ்சம் நீளமான பதிவு. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும், வீட்டில் நாலு மிளகாய்க் கன்று வைத்திருப்பவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள். பிழை எங்களுடையது. அதனால் யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

எங்கள் பாடசாலையில் மேல் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பது நாங்கள் இரண்டு பேர். ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் பயிற்சி முடித்து, சில வருட இடைவெளியில் ஒரே பாடசாலைக்கு வந்து சேர்ந்தவர்கள். பாடக்குறிப்பு எழுதுவதும் சேர்ந்துதான், ஆய்வுகூடத்தைக் கூட்டுவதும் சேர்ந்துதான். ஆகவே இந்தப் பதிவில் 'நாங்கள்' என்று வருகிற இடமெல்லாம் எங்கள் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிழையிலும் பாதிப் பாதி.

போன ஆகஸ்ட் மாதம். வெயில் கொளுத்துகிற காலம். பாடம் முடிந்து வெளியே வரும்போது தரம் 11 பிள்ளை ஒருத்தி பின்னால் ஓடி வந்து கேட்டாள்:

"டீச்சர், அப்பச்சோடா ஊத்தினா மிளகாக் கண்டு எத்தின நாளைல தெளியும்?"

எங்களுக்கு விளங்கவில்லை. "ஏன் மகள், யார் ஊத்தச் சொன்ன?" என்று கேட்டோம்.

"நீங்கதானே டீச்சர் காட்டின. சோடா போட்டதும் குமிழி கூட வந்திச்சே."

அந்த இடத்திலேயே எங்கள் இருவருக்கும் விசயம் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதவர்களுக்காகச் சொல்கிறோம்.

ஒளித்தொகுப்புப் பாடத்தில் ஒரு பரிசோதனை இருக்கிறது. ஐதரிலா என்ற நீர்த்தாவரத்தை முகவையில் நீருக்குள் வைத்து, அதன் மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்புக்கு மேல் நீர் நிறைத்த சோதனைக்குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைப்போம். இலைகளிலிருந்து குமிழி குமிழியாக ஒட்சிசன் வந்து குழாயின் உச்சியில் சேரும். தணற்குச்சியைக் காட்டினால் பற்றி எரியும். குமிழி மெதுவாக வந்தால் நீரில் ஒரு சிட்டிகை சோடியம் இருகாபனேற்றைப் போடுவோம். காபனீரொட்சைட்டுக் கிடைப்பது கூடும், குமிழியும் கூடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நாங்களும் "பாத்தீங்களா, தாவரத்துக்குச் சாப்பாடு கிடைச்சதும் எப்படி வேலை செய்யுது" என்று சொல்வோம். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னோம். சோடியம் இருகாபனேற்று என்றால் வேறொன்றுமில்லை, உங்கள் உம்மாமார் அப்ப மாவில் போடுகிற அப்பச்சோடாதான் என்றும் சொன்னோம். வீட்டுப் பொருளோடு பாடத்தைத் தொடர்புபடுத்த வேண்டும் என்று கலாசாலையில் படித்திருக்கிறோம் அல்லவா!

அந்தப் பிள்ளையின் வீட்டில் அப்பச்சோடாவுக்குக் குறைவில்லை. உம்மா காலையில் அப்பம் சுட்டு விற்கிறவர். வாப்பா மௌத்தாகி நாலு வருடம். அப்பக் காசு வீட்டுச் சிலவுக்கு. 2022 நெருக்கடி நேரத்தில் எல்லாரும் தோட்டம் வைத்தபோது பழைய பசளைப் பைகளில் மண் நிரப்பி மிளகாய் வைக்கத் தொடங்கியவர்கள், அதை விடாமல் வைத்திருந்தார்கள். இருபது பை. கிழமைக்கு இரண்டு தரம் பிடுங்கிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்தால் பிள்ளையின் பிரத்தியேக வகுப்புக் காசு வந்துவிடும். பசளை விலை ஏறியதிலிருந்து கன்றுகளுக்கு வெறும் தண்ணீர்தான். அந்த நேரத்தில்தான் நாங்கள் வகுப்பில் குமிழியைக் காட்டினோம்.

பிள்ளை என்ன செய்திருக்கிறாள் என்றால், உம்மா வாங்கி வைத்திருந்த அரைக் கிலோப் பையிலிருந்து நூறு நூறு கிராமாக எடுத்து, பத்து லீற்றர் வாளியில் கரைத்து, இருபது பைக்கும் பங்கிட்டு ஊற்றியிருக்கிறாள். மூன்று, நாலு நாளைக்கு ஒருக்கால். ஐந்து தரம். பை முடிந்துவிட்டது. உம்மா சோடாப் பையைத் தேடித் தேடி, எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அன்று அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனோம்.

கன்றுகளைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. இலை ஓரங்கள் நெருப்புப் பட்ட மாதிரிக் காய்ந்து சுருண்டிருந்தன. குருத்திலைகளில் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். பூ உதிர்ந்து பையைச் சுற்றிக் கிடந்தது. மண்ணின் மேல் வெள்ளையாகப் படை. தண்ணீர் ஊற்றிய ஈரம் காயவில்லை, ஆனால் கன்றுகள் தண்ணீர் காணாததுபோல் வாடி நின்றன.

உம்மா வந்து, "காய்ச்சல் மாதிரி ஏதோ வருத்தம் பிடிச்சிரிக்கி டீச்சர், என்ன மருந்து அடிக்கிற?" என்று கேட்டார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

நாங்கள்தான் சொன்னோம். "ராத்தா, இது வருத்தமில்லை. நாங்க வகுப்பில சொன்னத அரைகுறையாச் சொல்லிப்போட்டம். புள்ள அதைக் கேட்டுச் செஞ்சிருக்கா." எங்கள் வாயால் இப்படிச் சொல்வது இலேசாக இருக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எங்களுக்கே முழுதாக விளங்கியிருக்கவில்லை. அப்பச்சோடா மனிதன் சாப்பிடுகிற பொருள். வயிறு எரிந்தால் தண்ணீரில் கலந்து குடிப்பவர்களும் உண்டு. அது ஒரு கன்றை இப்படிச் செய்யுமா? ஒரு பையின் அடியிலிருந்து வடிந்த நீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனோம். முதலில் செய்தது பாசிச்சாயத்தாளை நனைத்ததுதான். சிவப்புத் தாள் மெதுவாக நீலமானது. இலேசான காரம். சவர்க்கார நீரைவிட மென்மை. "அவ்வளவு மோசமில்லையே" என்று எங்களில் ஒருவர் சொல்லியும்விட்டார்.

அங்கேதான் நாங்கள் இரண்டாவது தரமும் பிழை விட்டோம். அளந்தது தவறான பொருளை.

அப்பச்சோடா நீரில் கரையும்போது நடப்பதைப் பாருங்கள். குளிர்ந்த நீரில் போட்டால் பொங்காது. அமைதியாகக் கரையும். முகவையைத் தொட்டால் சற்றுக் குளிரும். பொங்குவதற்கு ஒன்றில் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ புளித்த மாவோ போல அமிலம் வேண்டும், அல்லது சூடு வேண்டும். அப்பச் சட்டியில் இரண்டும் இருக்கிறது. அதனால்தான் அப்பத்தில் கண் கண்ணாக வருகிறது. வெறும் நீரில் அது சோடியம் அயனாகவும் இருகாபனேற்று அயனாகவும் பிரிந்து நிற்கும். இந்த இருகாபனேற்று ஒரு விசேசமான சாமான். அமிலம் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், காரம் வந்தால் அதையும் சமாளிக்கும். ஆகவே ஒரு தேக்கரண்டி போட்டாலும் ஐந்து தேக்கரண்டி போட்டாலும் நீரின் பிஎச் பெறுமானம் 8.3ஐ ஒட்டியே நிற்கும். எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாசிச்சாயத்தாள் காட்டாது. சிட்டிகைக்கும் கிலோவுக்கும் அது ஒரே நீலம்தான் காட்டும்.

ஆனால் சோடியம் கூடிக்கொண்டே போகும். அதைத் தாள் பார்ப்பதில்லை, வேர் பார்க்கிறது.

வடிந்த நீரில் கொஞ்சத்தை ஆவியாக்கும் கிண்ணத்தில் விட்டுச் சூடாக்கினோம். அடியில் தடிப்பாக வெள்ளை உப்பு. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அதே மூல்க் கணக்கைக் கரும்பலகையில் எங்களுக்காகப் போட்டோம்.

சோடியம் 23, ஐதரசன் 1, காபன் 12, ஒட்சிசன் மூன்று பதினாறு 48. கூட்டினால் 84. அதில் சோடியம் 23. அதாவது 100 கிராம் அப்பச்சோடாவில் 27 கிராமுக்குச் சற்று மேல் சோடியம். அதைப் பத்து லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம்.

கடல்நீரில் ஒரு லீற்றருக்குச் சோடியம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 10.8 கிராம்.

நாலில் ஒன்று. பிள்ளை ஊற்றிய ஒவ்வொரு வாளியிலும் இருந்தது, சோடியத்தைப் பொறுத்தவரை, கால்வாசிக் கடல். ஐந்து தரம். அதுவும் வெயில் காலத்தில், நீர் ஆவியாகி உப்பு மட்டும் பையில் தங்குகிற நேரத்தில்.

எங்கள் வகுப்பில் நாங்கள் போட்டதோ அரை லீற்றர் முகவைக்கு அரைக் கிராம் வரும் ஒரு சிட்டிகை. லீற்றருக்கு ஒரு கிராம். அவள் போட்டது அதைப்போல் பத்து மடங்கு. "சிட்டிகை" என்று நாங்கள் சொன்னோமா, அல்லது கையால் போட்டுக் காட்டிவிட்டு விட்டோமா என்று இருவரும் யோசித்தோம். கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். முப்பத்தொரு கொப்பியிலும் "சோடியம் இருகாபனேற்று சேர்க்கப்பட்டது" என்றே இருந்தது. எவ்வளவு என்று ஒன்றிலும் இல்லை. நாங்கள் கரும்பலகையில் எழுதியது அப்படித்தான்.

அளவு மட்டுமா பிழை? இல்லை. வேறொன்றும் இருந்தது. ஐதரிலா முழுக்க நீருக்குள் வாழ்கிறது. தனக்கு வேண்டிய காபனை அந்த நீரிலிருந்துதான் எடுக்க வேண்டும். கரைந்த காபனீரொட்சைட்டு மட்டுமல்ல, இருகாபனேற்றையே எடுத்துப் பயன்படுத்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. மிளகாய்க் கன்று அப்படியல்ல. அது காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து இலைவாய்களால் எடுக்கிறது. வேரின் வேலை நீரும் கனியுப்பும் எடுப்பது. வேரடியில் அப்பச்சோடா ஊற்றினால் கன்றுக்குக் கிடைப்பது சாப்பாடல்ல, உப்பு. இந்த ஒரு வசனத்தை நாங்கள் சொல்லியிருந்தால் போதும். பரிசோதனை முடிந்ததும் ஐதரிலாவை எறிந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். சோடா நீரில் கிடந்த அந்த ஐதரிலா அடுத்த நாள் எப்படி இருந்தது என்று நாங்களும் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் மறுபடி அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். கணக்கெல்லாம் சொல்லவில்லை. "ராத்தா, கடல் தண்ணில நாலில ஒரு பங்கு உப்ப ஊத்தின மாதிரி" என்றோம்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப சுனாமிக்குப் பொறகு எங்கட வளவுக்கு நடந்ததுதானே இதுவும்?"

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்துக் கரையோரம். 2004 டிசம்பர் 26 எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாங்கள் இருவரும் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். மௌத்தானவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம், மண்ணையும் கிணற்றையும் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் அந்த உம்மா நன்றாக நினைவு வைத்திருந்தார். கடல் வந்து போன பிறகு கிணறு கரித்தது. மெசின் வைத்து இறைத்தார்கள், மறுநாளும் கரித்தது. இன்னும் இறைத்தார்கள், இன்னும் கூடக் கரித்தது. கரையோர மணலில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படை. அதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ளது மேலே வரும். "பொறகு வந்த மாரி மழைதான் டீச்சர் கழுவிச்சி. நாங்க ஒண்டும் செய்யல்ல. பொறுத்து இருந்தம். வளவுல முதல்ல முளைச்ச வெண்டிக்கு எங்கட வாப்பா ஸதகா குடுத்த."

எங்களுக்கு விவசாயப் போதனாசிரியர் பிறகு சொன்ன வைத்தியமும் இதுவேதான். உப்பை முறிக்கிற மருந்து கிடையாது. நல்ல தண்ணீரால் கழுவி வெளியேற்ற வேண்டும். பையாக இருந்தால் அடியில் துவாரம் பெரிதாக்கி, பையின் கொள்ளளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு நீரை மெதுவாக, நின்று நின்று ஊற்ற வேண்டும். மளமளவென்று ஊற்றினால் ஓரத்தால் ஓடிவிடும். எங்கள் மண் மணல் கலந்தது, ஆகவே கழுவ இலேசு. களிமண் வயலாக இருந்தால் கதை வேறு. சோடியம் களித்துணிக்கைகளில் ஒட்டியிருந்த கல்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் இருந்துகொள்ளும். அப்போது மண்ணின் கட்டமைப்பே குலைந்து, நனைந்தால் சேறு, காய்ந்தால் சீமெந்து போலாகிவிடும். நீர் இறங்காது. அந்த மண்ணுக்கு ஜிப்சம் போட்டுக் கல்சியத்தைத் திரும்பக் கொடுத்து, அதன் பிறகு கழுவ வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் அவர்கள் வீட்டுக் கிணறே கொஞ்சம் கரிக்கும். அதனால் பக்கத்துப் பள்ளிவாசலில் கேட்டோம். நிருவாகத்தினர் குழாய்த் தண்ணீர் எடுக்க அனுமதி தந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேர் வாளியோடு வந்தார்கள். இருபது பை, பைக்கு இருபத்தைந்து லீற்றர், மொத்தம் 500 லீற்றர். ஐம்பது வாளி. இரண்டு பின்னேரம் எடுத்தது. வடிகிற நீர் தென்னையடிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டினோம். தென்னை உப்பைத் தாங்கும். உம்மா எல்லாருக்கும் அப்பம் சுட்டுத் தந்தார். சோடா இல்லாத அப்பம். அதற்கு ஒரு பெரிய சிரிப்பு.

சிரிக்காதது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

நாங்கள் நட்டத்துக்குக் காசு கொடுக்கப் பார்த்தோம். உம்மா வாங்கவில்லை. "புள்ள படிச்சதச் செஞ்சி பாத்திரிக்கா. அதுக்குக் காசி வாங்கவா?" என்று கேட்டார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் வகுப்பில் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம் மணி அடித்த பிறகும் கேள்வி கேட்பவள். இப்போது கேட்டால் மட்டும் பதில். பரிசோதனைக்கு யார் வருகிறீர்கள் என்றால் தலையைக் குனிந்துகொள்வாள்.

எங்களுக்கு மிளகாயைவிட இதுதான் பெரிய நட்டமாகத் தெரிந்தது. வகுப்பில் கேட்டதை வீட்டில் செய்து பார்க்கிற பிள்ளை முப்பதில் ஒருத்தி. அந்த ஒருத்தி, 'இனிமேல் எதையும் செய்து பார்க்கக் கூடாது' என்ற பாடத்தைப் படித்துவிட்டால், நாங்கள் படிப்பித்த மற்றதெல்லாம் எதற்கு?

ஒருநாள் வகுப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று சொன்னோம்: "ஐதரிலாப் பரிசோதனையில் நாங்கள் இரண்டு பிழை விட்டோம். ஒன்று, அளவை எழுதவில்லை. இரண்டு, நீர்த்தாவரத்துக்கும் தரைத்தாவரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து திருத்துங்கள்." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆசிரியர் பிழை திருத்துவது அவர்களுக்குப் பழக்கமானது, தன் பிழையைத் திருத்துவது பழக்கமில்லை.

பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீங்க செஞ்சதில ஒரு கணக்கு மட்டும் குறையுது மகள். ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டும் வைக்கல்ல. இப்ப வைப்பம்" என்றோம். நாலு தட்டு. ஒவ்வொன்றிலும் பஞ்சு, இருபது பயறு. முதலாவதுக்கு வெறும் நீர். இரண்டாவதுக்கு லீற்றருக்கு 1 கிராம் சோடா. மூன்றாவதுக்கு 5 கிராம். நாலாவதுக்கு 10 கிராம், அவள் ஊற்றிய அதே அளவு. பொறுப்பு அவளுக்கு. தராசில் நிறுத்ததும் அவள்தான்.

நாலாம் நாள் எண்ணினாள். வெறும் நீரில் 19 முளைத்திருந்தது. 1 கிராமிலும் 19. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. 5 கிராமில் 14, ஆனால் வேர் கட்டையாக, நுனி பழுப்பாக. 10 கிராமில் 6 பயறு மட்டும் தோல் வெடித்து, அப்படியே நின்றுவிட்டது. நீருக்குள் கிடந்தும் நீர் எடுக்க முடியவில்லை. உள்ளே இருப்பதைவிட வெளியே செறிவு கூடினால் நீர் எந்தப் பக்கம் போகும் என்று பிரசாரணப் பாடத்தில் எழுதியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது பயற்றில் தெரிந்தது. ஈரப் பையில் கன்று ஏன் வாடி நின்றது என்பதும் விளங்கியது.

இன்னொன்றும் காட்டினோம். மஞ்சள் பூசிய கடதாசியில் புதிதாகக் கரைத்த சோடா நீரைத் தொட்டால் நிறம் இலேசாகத்தான் மாறும். அதே கரைசலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தொட்டால் கடும் சிவப்பாகும். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, இருகாபனேற்று காபனேற்றாக மாறிவிடுகிறது. அது சலவைச் சோடா. பிஎச் பெறுமானம் 11 வரை போகும். அந்த நேரம் பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "அப்ப டீச்சர், குமிழி போனாலும் சோடியம் போகாதா?"

அவள்தான். பல கிழமைக்குப் பிறகு முதல் கேள்வி.

"போகாது மகள். வாயு போகும். சோடியம் கழுவினால்தான் போகும்."

இருபது கன்றில் ஏழு செத்துவிட்டது. பதின்மூன்று தப்பியது. கழுவும்போது உப்போடு சத்தும் போய்விடும் என்பதால் கூட்டெரு போட்டோம். ஒக்டோபரில் மழை தொடங்கிய பிறகு குருத்து பச்சையாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது வட்ஸ்அப்பில் அப்பச்சோடாவைப் பற்றிப் பல விதமாக வருகிறது. எங்களுக்கே மூன்று, நாலு வந்துவிட்டது. அதனால் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

1. அப்பச்சோடா பசளை அல்ல. தாவரத்துக்குத் தேவையான நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

2. தக்காளியடியில் தூவினால் பழம் இனிக்கும் என்பது சரியல்ல. இனிப்பு இலையில் செய்யப்படுகிற வெல்லத்தால் வருவது. மண்ணில் காரம் கூடினால் இரும்புச் சத்தை வேர் எடுப்பது குறைந்து குருத்து மஞ்சளாகும்.

3. சோடாவையும் வினாகிரியையும் கலந்து ஊற்றச் சொல்வார்கள். பொங்கி அடங்கிய பிறகும் அதில் சோடியம் அப்படியே இருக்கிறது.

4. உண்மையான பயன் ஒன்று உண்டு. பூசணி, வெண்டி, ரோசா இலைகளில் மாப் பூசினதுபோல் வெள்ளையாக வருமே, அந்தப் பங்கசு நோயை அது மட்டுப்படுத்தும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் ரோசாச் செடிகளில் செய்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. அவர்கள் சோடாவோடு எண்ணெயும் சேர்த்துத் தெளித்துப் பார்த்தார்கள். வீட்டில் செய்வதானால் லீற்றருக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஒட்டிப் பிடிக்கச் சில துளி சவர்க்காரக் கரைசல். இலையில் மட்டும், வேரடியில் வடியவிடாமல். வெயில் தாழ்ந்த பிறகு. நோய் தொடங்கும்போதே. முற்றிய நோயைச் சுகமாக்காது. அடிக்கடியும் கூடாது, ஏனென்றால் இலையில் தெளித்ததும் மழையோடு மண்ணுக்குத்தான் போகும். பொற்றாசியம் இருகாபனேற்றுக் கிடைத்தால் அது இன்னும் நல்லது. பொற்றாசியம் தாவரத்துக்கு உணவு.

5. எதையும் முதலில் ஒரு கன்றில், ஒரு இலையில் போட்டு இரண்டு நாள் பாருங்கள். இருபதிலும் ஒரேயடியாக வேண்டாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசோதனை காட்டும்போது "கொஞ்சம்", "சிறிதளவு" என்று கையால் போட்டுவிட்டுப் போகிறோம். கரும்பலகையில் கிராமையும் லீற்றரையும் எழுதுவதற்கு அரை நிமிடம்தான் செல்லும். எங்கள் ஆய்வுகூடத்துச் சோடாப் போத்தலில் இப்போது ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: "எவ்வளவு? எதற்கு? அடுத்த நாள் பார்த்தீர்களா?" எழுதி ஒட்டியது அந்தப் பிள்ளைதான்.

போன கிழமை ஒரு பை பச்சை மிளகாயோடு ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தாள். உம்மா கொடுத்தனுப்பியதாம். தந்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், எங்கட பூசணி இலைல வெள்ளையா வந்திரிக்கி. லீற்றருக்கு அஞ்சு கிராம் கரைச்சி வெச்சிரிக்கன். ஒரு இலைக்குத்தான் அடிச்சன். நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றன்."

சரியென்று அனுப்பினோம்.

அவளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. துஆச் செய்யுங்கள். இதைப் பகிர்வதானால் முழுதாகப் பகிருங்கள். அளவை வெட்டிவிட்டுப் பகிர வேண்டாம்.